வேல்விழி தூங்கின பஸ்

ஓடிப்போனாள் என்று சொல்லுகிறவர்கள் முதலில் அந்த வார்த்தையைத் திருப்பி எடுத்துக்கொள்ள வேண்டும். இராமலட்சுமி மகள் வேல்விழி ஓடவில்லை. நடந்துதான் போனாள். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், சாரல் விட்டுச் சுள்ளென்று வெயில் அடித்த நேரம், இலஞ்சித் தெருவில் குழாயடி முழுக்க ஆள் நிற்கும்போது, தோளில் ஒரு பையும் கக்கத்தில் ஒரு தலையணையுமாகப் போனாள். ஓடிப்போகிறவள் எவளாவது தலையணையைத் தூக்கிக்கொண்டு ஓடுவாளா? இதைக் கேட்டால் எல்லோரும் வாயை மூடிக்கொள்கிறார்கள். கொஞ்ச நேரம் கழித்து, சரி, ஓடவில்லை, அந்தப் பஸ் கண்டக்டர் கதையும் பொய்யா என்று அடுத்த முனையைப் பிடித்துக்கொள்கிறார்கள்.

பஸ்ஸில் சுற்றினாள் என்பது பொய் இல்லை. யார் இல்லை என்றது? இறங்க வேண்டிய இடத்தில் இறங்காமல் ஐந்தருவி வரைக்கும் போய், அதே பஸ்ஸில் அதே சீட்டில் உட்கார்ந்து திரும்பி வந்தாள். ஒரு நாள் இரண்டு நாள் இல்லை, ஆனி மாதம் முழுக்க வந்தாள். கண்டவர்கள் கண்டதுதான். ஆனால் கண்டதில் பாதியை மட்டும் வெளியே விட்டு மீதியை முழுங்கிவிடுவது பொய் சொல்லுவதைவிட மோசம். மீதியையும் கேட்டுவிட்டு அப்புறம் பேசட்டும்.

இராமலட்சுமி குற்றாலத்தில் சிப்ஸ் கடை போடுகிறவள். பேரருவிக்குப் போகிற வழியில் சீசனுக்கு மட்டும் தகரம் அடித்து நிற்கிற கடை. வாசலிலேயே பெரிய இரும்புச் சட்டியில் தேங்காயெண்ணெய் கொதிக்கும். நேந்திரங்காயைச் சீவுகட்டையில் வைத்து நேரே எண்ணெய்க்குள் சீவிவிட வேண்டும். நடுவில் கை நின்றால் ஒரு துண்டு கருகும், ஒரு துண்டு வேகாது. புருஷன் பாண்டிராஜுக்கு மலைக்கு அந்தப்பக்கம் புனலூரில் கட்டட வேலை. மாதத்துக்கு ஒருமுறை வந்து போவான். சாரல் விழுகிற இரண்டு மூன்று மாதம் ஓடுகிற இந்தக் கடைதான் அந்த வீட்டுக்கு வருஷச் சோறு. அந்தச் சோற்றில் கிள்ளிக் கிள்ளித்தான் வேல்விழியை இன்ஜினியரிங் காலேஜில் சேர்த்தது.

அருவியில் தண்ணீர் விழுவதும் காலேஜ் திறப்பதும் ஒரே சமயத்தில் வந்து நிற்கும். யாரை நோவது? அருவியையா?

முதல் வருஷம் பெற்றோர் கூட்டம் என்று கூப்பிட்டார்கள். இராமலட்சுமி கல்யாணத்துக்கு எடுத்த சேலையைக் கட்டிக்கொண்டு போய், மின்விசிறிக்குக் கீழே பயந்து உட்கார்ந்திருந்தாள். ஒவ்வொரு வாத்தியாராக மேடைக்கு வந்து பேசினார்கள். கணக்கு வாத்தியார் தன் பாடத்துக்குத் தினமும் வீட்டில் இரண்டு மணி நேரம் ஒதுக்கச் சொன்னார், அவ்வளவு போதும் என்றார். கம்ப்யூட்டர் டீச்சர் அதையே சொன்னார். இங்கிலீஷ் டீச்சரும் அதையே சொன்னார். வேலைக்குத் தயார் பண்ணுகிறவர் என்று டை கட்டிய ஒருவர் வந்து, சனிக்கிழமையும் பிள்ளைகளை அனுப்பிவிடுங்கள், எதிர்காலம் முக்கியம் என்றார். எல்லோரும் நல்ல மனிதர்கள். சிரித்த முகமாகத்தான் கேட்டார்கள். இராமலட்சுமி எல்லாவற்றுக்கும் தலையை ஆட்டிவிட்டு வந்தாள். வரும் வழியில் மகளிடம், "பாவம், ஆளுக்கு ரெண்டு மணி நேரந்தான கேக்காவ. குடுத்துட்டுப் போயேன்ட்டி" என்றாள்.

கல்யாணப் பந்தியில் நடப்பதுதான் இது. சாம்பார் கொண்டுவருகிறவர் இன்னும் ஒரு கரண்டி என்பார். கூட்டுக்காரர் ஒரு கரண்டி, பாயசக்காரர் ஒரு கரண்டி. ஒவ்வொருவர் கையிலும் ஒரு கரண்டிதான் இருக்கும். உட்கார்ந்திருக்கிறவருக்கு வயிறு ஒன்று என்பது அவர்களில் ஒருவருக்கும் ஞாபகம் இருக்காது.

அந்த இலையை வேல்விழி மிச்சம் வைக்காமல் சாப்பிட்டாள். அதுதான் அதிசயம். விடியுமுன் எழுந்து அம்மாவோடு உட்கார்ந்து காய் தோல் உரிப்பாள். கை முழுக்கக் கறை பிடித்துக் கறுத்துப் போகும். காலேஜில் கைக்கு என்ன என்று கேட்டால் மருதாணி என்று சொல்லிவிடுவாளாம். அப்புறம் காலேஜ் பஸ், வகுப்பு, லேப். சாயங்காலம் தென்காசியில் இறங்கி டவுன் பஸ் பிடித்துக் குற்றாலம். கடையில் நின்று சிப்ஸ் நிறுத்துக் கவரில் போட்டு நூல் கட்டுவாள். இதற்கு நடுவில்தான் அசைன்மென்ட் என்று ஒன்று எழுதுவாள். அதைப் போனிலேயே ஒரு விரலால் தட்டி அனுப்ப வேண்டும். ராத்திரி பன்னிரண்டு அடித்தால் கம்ப்யூட்டர் கதவைச் சாத்திக்கொள்ளுமாம். ஒரு நிமிஷம் பிந்தினாலும் வாங்காதாம். அருவியில்கூட நின்று குளிக்க நேரம் கொடுக்கிற போலீஸ் இருக்கிறது. இதற்கு ஒருவரும் கிடையாது.

கடையில் அவள் படிக்கிற அழகைப் பக்கத்துக் கடை முகம்மது கனி சொல்லிச் சொல்லி மாய்ந்து போவார். கனி அண்ணாச்சி அல்வாவும் பேரீச்சம்பழமும் போட்டிருக்கிறவர். அருவியில் குளிக்க விட்டிருக்கும்போது கூட்டம் அங்கே போய்விடும், கடை வெறிச்சென்று கிடக்கும். தண்ணீர் கூடி, அருவிக்கு முன்னால் கட்டியிருக்கிற வளைவைத் தாண்டி விழுந்தால் போலீஸ் விசில் ஊதி எல்லோரையும் வெளியே ஏற்றிவிடும். ஈரத்துண்டோடு நடுங்கிக்கொண்டு ஜனம் மொத்தமும் சூடான சிப்ஸுக்கு வந்து விழும். வேல்விழி எடைத் தராசுக்குப் பின்னால் புத்தகத்தை விரித்து வைத்து, காதை அருவியில் வைத்திருப்பாள். தண்ணீரின் சத்தம் கொஞ்சம் தடித்தால் போதும். விசில் ஊதுவதற்கு முன்பே புத்தகத்தை மூடி, கவரை ஊதி விரித்துத் தயாராக நிற்பாள். கூட்டம் வரும், போகும். மறுபடி சத்தம் மெலியும். விட்ட வரியிலிருந்தே படிப்பாள். "ஒலகத்துல அருவியக் கடியாரமா வச்சிருக்கது இந்தப் பிள்ள ஒண்ணுதான்" என்பார் கனி.

எல்லாம் செய்தாள். எல்லோருக்கும் கொடுத்தாள். தூக்கம் ஒன்றுக்குத்தான் எதுவும் மிஞ்சவில்லை. அதைக் கேட்டு மேடையில் பேசத்தான் ஆள் இல்லையே.

இரண்டாம் வருஷம் ஆனி பிறந்ததும் வேல்விழி கடைக்குப் பிந்தி வர ஆரம்பித்தாள். கேட்டால் ஸ்பெஷல் கிளாஸ் என்றாள். இராமலட்சுமிக்கு எரிச்சல்தான், ஆனாலும் படிப்புச் சமாச்சாரம் என்று விட்டுவிட்டாள். அப்புறம் ஒரு வெள்ளிக்கிழமை இலஞ்சிக் கோவிலில், ஆவுடைத்தாய் பிரகாரத்திலேயே பிடித்துக்கொண்டாள். ஆவுடைத்தாய் எதிர்வீட்டுக்காரி, ஒரு வகையில் இராமலட்சுமிக்கு அக்கா முறை. கண்ணில் பட்டதை நாலு பேரிடம் சொல்லாவிட்டால் அவளுக்குச் சோறு இறங்காது.

"ஒம் மவளுக்கு ஐந்தருவியில என்னட்டி சோலி? நானும் மூணு தடவ பாத்துட்டேன். பஸ்ஸு திரும்புது, எல்லாரும் எறங்குதாவ, இவ மட்டும் எறங்கல. அந்தக் கண்டக்டர்ப் பய பக்கத்துல நின்னு என்னமோ பேசுதான்."

அந்தப் பேச்சு அதற்குள் தெருவைச் சுற்றி, மலையைத் தாண்டி, புனலூரில் பாண்டிராஜ் காதுவரைக்கும் போயிருந்தது. அன்றைக்கே போன் வந்தது. பாண்டிராஜ் சத்தம் போடுகிறவன் இல்லை. சத்தமே போடாமல், படித்தது போதும், திங்கட்கிழமையிலிருந்து காலேஜுக்கு அனுப்ப வேண்டாம், இலத்தூரிலிருந்து பெண் கேட்டு வந்த பையன் வீட்டுக்குச் சொல்லிவிடுவோம் என்றான். இராமலட்சுமி மறுத்துப் பேசவில்லை. அவளுக்கும் அப்போது அதே கோபம்தான். மகளிடம் எதையும் கேட்கவும் இல்லை. கேட்டால் இன்னொரு ஸ்பெஷல் கிளாஸ் சொல்லுவாள். கையும் களவுமாகப் பிடித்து, முடியைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்து, திங்கட்கிழமைக்கு முன்னால் கணக்கை முடித்துவிட வேண்டும் என்று தீர்மானம் பண்ணிக்கொண்டாள்.

மறுநாள் சனிக்கிழமை. சாயங்காலம் சீசன் கூட்டம் அலைமோதுகிறது. சட்டியை இறக்கி வைத்து, அடுப்பை அணைத்து, கடையைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிக் கனி அண்ணாச்சியிடம் விட்டாள். சீசனில் இராமலட்சுமி அடுப்பை அணைத்ததை அவர் அதுவரைக்கும் பார்த்ததில்லை.

தென்காசியிலிருந்து இலஞ்சி வழியாக வருகிற டவுன் பஸ் அது. பெண்களுக்குக் காசு கிடையாது. அதனால் எந்நேரமும் பெண்கள் கூட்டம்தான். பஸ் குற்றாலத்தில் நின்றதும் இராமலட்சுமி பின்வாசலில் ஏறினாள். ஏறியதுமே ஏதோ ஒன்று வித்தியாசமாக இருந்தது. இத்தனை பெண்கள் ஏறின பஸ்ஸில் இவ்வளவு மெதுவாகப் பேசி அவள் கேட்டதில்லை. குளித்துவிட்டு ஈரத்தலையோடு வந்தவர்கள், பூக்கூடைக்காரி, பள்ளிக்கூடத்தில் சத்துணவு ஆக்குகிற இரண்டு பேர், எல்லோரும் கோவிலில் பேசுவதுபோல் வாய்க்குள்ளேயே பேசிக்கொண்டிருந்தார்கள். பஸ் புறப்பட விசிலும் ஊதவில்லை. கண்டக்டர் வெளியே கையை நீட்டித் தகரத்தில் பொத்துப் பொத்தென்று தட்டினான். டிரைவரும் புரிந்துகொண்டு பைய எடுத்தார்.

முன்னால் ஜன்னலோரம் வேல்விழி இருந்தாள். அந்தப் பக்கமாக ஒருக்களித்து, வாயைத் திறந்துகொண்டு, உயிர் இருக்கிறதா இல்லையா என்று தெரியாதபடி தூங்கினாள். மடியில் புத்தகப் பை. கறை பிடித்த விரல் பை வாரைச் சுற்றிப் பிடித்திருந்தது. ஜன்னல் கம்பியில் தலை இடிக்காமல் ஒரு துண்டை நாலாக மடித்து யாரோ கட்டிவிட்டிருந்தார்கள். பஸ் பள்ளத்தில் விழுந்து எழும்போது தலை அந்தத் துண்டில் மெத்தென்று போய் விழுந்தது. அவள் அசையவில்லை.

இராமலட்சுமி கையை ஓங்கிக்கொண்டுதான் பக்கத்தில் போனாள். கண்டக்டர் குறுக்கே வந்துவிட்டான். நாற்பது வயசுக்காரன், நெற்றி ஏறின வழுக்கை, பெயர் ஜெபசிங். ஆவுடைத்தாய் பய என்று சொன்னது இந்த ஆளைத்தான்.

"யக்கா, அந்தப் பிள்ளைய எழுப்பிராதிய. வேற சீட்டு தாரேன்."

"ஏன், ஒங்களுக்கு இவ என்ன வேணும்?"

"எனக்கென்ன வேணும், பாசஞ்சரு. காலேஜ் பிள்ளக்கா. மொதத் தடவ தூங்கி, எறங்குத எடத்த விட்டுட்டு. எழுப்புனா ஒரே அழுக. வகுப்புலயும் தூங்க விடமாட்டாவளாம், வீட்டுலயும் கடையிலயும் சோலியாம். இங்கன ஒருத்தரும் என்னைய ஒண்ணும் கேக்கலன்னு சொல்லிச்சி பாத்துக்கிடுங்க. அதான் ஐந்தருவி போயிட்டுத் திரும்பி வரச்சில கம்பியத் தட்டுவேன், எறங்கிப் போவும்."

இராமலட்சுமியின் ஓங்கின கை எங்கே போனதென்று அவளுக்கே தெரியவில்லை. அந்தத் துண்டைத் தொட்டுப் பார்த்தாள். காய்ந்த துண்டு. இதைக் கட்டியது யார் என்று கேட்டாள்.

"யாருன்னு என்னத்த சொல்ல. யாரோ கட்டுனாவ. சாரல்ல நனைஞ்சா யாராவது மாத்துதாவ."

யாரோ கட்டினார்கள். பெற்றவள் இருக்கிறாள், வாத்தியார்கள் இருக்கிறார்கள், பெயர் தெரியாத யாரோ துண்டு கட்டிவிட்டுப் போகிறார்கள். கூட்டத்தில் ஒவ்வொருவரும் ஒரு கரண்டி கேட்டார்களே, அந்த வரிசையில் கடைசி ஆளாகத் தானும் கரண்டியோடு நின்றிருப்பது அப்போதுதான் இராமலட்சுமிக்குத் தெரிந்தது. நான் பெற்றதா இத்தனையும் தூக்கிச் சுமந்தது என்று மகளின் முகத்தையே பார்த்தாள். தூங்குகிற முகத்தில் அஞ்சாம் வகுப்புப் பிள்ளை மாதிரி ஒரு கள்ளமில்லாத களை. முழித்திருக்கும்போது அது எங்கே போய் ஒளிந்துகொள்கிறதோ.

பக்கத்தில் இடம் விட்டார்கள். உட்கார்ந்தாள். எழுப்பவில்லை. திரும்பி வருகிறவரைக்கும் இருக்கட்டும் என்று நினைத்தாள். ஐந்தருவிக் காற்று ஜன்னல் வழியாகக் குளுகுளுவென்று வந்தது. அவளும்தான் சீசன் தொடங்கினதிலிருந்து தரையில் முதுகை நேராகப் போட்டுப் படுத்தது எப்போது? நினைத்துப் பார்க்கப் பார்க்கவே கண் சொருகியது.

குற்றாலம் திரும்பி வந்ததும் ஜெபசிங் கம்பியைத் தட்டினான். வேல்விழி திடுக்கிட்டு முழித்தாள். தோளில் ஏதோ பாரமாக இருந்தது. பார்த்தால் அம்மா. எண்ணெய் வாடையோடு, மூக்கில் வேர்வையோடு, மெல்லக் குறட்டை விட்டுக்கொண்டு அம்மா. பிடிபட்டோம் என்று தெரிந்தது. இறங்கத்தான் எழுந்தாள். அப்புறம் அம்மாவின் முகத்தைப் பார்த்தாள். திரும்பவும் பைய உட்கார்ந்துவிட்டாள். ஜெபசிங்கைப் பார்த்து, வேண்டாம் என்று தலையை அசைத்தாள். அவன் என்ன ஏது என்று கேட்கவில்லை. வெளியே கையை நீட்டித் தகரத்தில் தட்டினான். பஸ் தென்காசிக்குப் போனது.

இலஞ்சி விலக்கில் ஏறியது வேறு யாரும் இல்லை, ஆவுடைத்தாய்தான். ஏறி, ஆத்தாளும் மகளுமாகக் கிடந்ததைப் பார்த்தாள். இராமலட்சுமியின் வாய் திறந்து கிடந்தது. ஆவுடைத்தாய் என்னவோ சொல்ல வாயெடுத்தாள். அதே பஸ்ஸில் திரும்பி வந்துகொண்டிருந்த பூக்கூடைக்காரி ஒரு பார்வை பார்த்தாள். அவ்வளவுதான். தென்காசி வரைக்கும் ஆவுடைத்தாய் வாயைத் திறக்காமல் வந்தது அந்த ஒரு நாள்தான்.

தென்காசி பஸ் ஸ்டாண்டு இரைச்சலில் இராமலட்சுமி முழித்தாள். எங்கே இருக்கிறோம் என்று புரியவே கொஞ்ச நேரம் ஆனது.

"ஏட்டி, ஒன் ஸ்பெஷல் கிளாஸ் இதுதானா?"

"ஆமாம்மா."

"நல்ல கிளாஸு" என்றாள். ஒருத்தி முந்தானையாலும் ஒருத்தி துப்பட்டாவாலும் முகத்தைத் துடைத்துக்கொண்டு, கனி அண்ணாச்சி கடையை என்ன பாடு படுத்துகிறாரோ என்று அடுத்த பஸ்ஸைப் பிடித்தார்கள். அவர் அல்வா விற்கிற கையால் சிப்ஸை நிறுத்து, கேட்டவர்களுக்கெல்லாம் கூடுதலாகப் போட்டு, சிப்ஸ் இருந்த தகர டின்னில் பாதியைக் காலி பண்ணி வைத்திருந்தார்.

அன்றைக்கே இராமலட்சுமி பாண்டிராஜுக்குப் போன் போட்டாள். நடந்ததை எல்லாம் சொன்னாள். தெரு பேசுகிறதே என்று மட்டும் ஒரு தடவை கேட்டான்.

"தெரு பேசட்டும். இன்னைக்கு அந்தப் பஸ்ஸுல நானுந்தான் தூங்குனேன். ஆவுடக்காவே பாத்தா. தூங்குனதுக்குப் படிப்ப நிறுத்தணும்னா, மொதல்ல என்னையக் கடைய விட்டு நிறுத்துங்க."

அதோடு இன்னொன்றும் சொன்னாள். கூடப் படிக்கிற தென்காசி ஷஹானாவின் சாச்சி, அதாவது அம்மாவின் தங்கை, ஜுஹைனா என்று ஒருத்தி கடையநல்லூரில் இருக்கிறாள். புருஷன் துபாயில். மாடி சும்மா கிடக்கிறது. அங்கிருந்து காலேஜ் கூப்பிடு தூரம். பேச்சுத்துணைக்கு உன் கூட்டாளியை வந்து இருக்கச் சொல் என்று போன வருஷத்திலிருந்தே ஷஹானாவிடம் சொல்லிக்கொண்டிருக்கிறாளாம். கடைக்கு ஆள் வேண்டுமே என்றுதான் வேல்விழி அதை அதுவரைக்கும் வீட்டில் வாய் திறந்து சொல்லவில்லை, அன்றைக்குத் திரும்பி வரும் பஸ்ஸில்தான் சொன்னாள். இந்தச் சீசனுக்கு அவள் கடைப்பக்கம் வர வேண்டாம், ஒற்றைக் கைக்கு எவ்வளவு சீவ முடியுமோ அவ்வளவு சீவினால் போதும் என்றாள் இராமலட்சுமி. பாண்டிராஜ் சரி என்றும் சொல்லவில்லை, கூடாது என்றும் சொல்லவில்லை. போனை வைத்துவிட்டான்.

ஞாயிற்றுக்கிழமை வெள்ளன வேல்விழியின் போனில் அலாரம் அடித்தது. எழுந்து காய் உரித்துவிட்டு, கம்ப்யூட்டர் பாடம் ஒன்றை அனுப்ப வேண்டிய நாள். அந்தச் சத்தத்தை நிறுத்தத் தெரியாமல் இராமலட்சுமி போனைச் சேலைத்துணியில் சுற்றி, சிப்ஸ் தகரத்துக்குள் போட்டு மூடிவிட்டாள். அது உள்ளே கிடந்து வண்டு மாதிரி முனகிக்கொண்டே இருந்தது. வேல்விழி தூங்கினாள். வெயில் ஜன்னலில் ஏறி, பாயில் ஏறி, முகத்தில் ஏறுகிறவரைக்கும் தூங்கினாள். பெற்றவள் வாசற்படியில் உட்கார்ந்து, யாரும் சத்தம் போட்டுவிடாமல் காவல் இருந்தாள். கடை திறக்க நேரமாகிவிட்டதே என்று ஒரு தடவைகூட எழுந்திருக்கவில்லை.

முழித்ததும் சண்டைதான். ஏன் எழுப்பவில்லை, ஒரு நாள் போச்சே என்று குதித்தாள் வேல்விழி. "ஒரு நாள் எனக்குக் குடுத்ததா வச்சுக்கோ" என்றாள் இராமலட்சுமி. வாத்தியார்கள் ஒருவரும் கெடுவைத் தள்ளி வைக்கவில்லை. பன்னிரண்டு அடித்தால் கதவைச் சாத்துவதும் மாறவில்லை. அவர்களிடம் போய்ப் பேச இராமலட்சுமிக்குத் தெரியாது. தன் கையில் இருந்த கரண்டியை மட்டும் அவளால் கீழே வைக்க முடிந்தது. அதை வைத்துவிட்டாள்.

பையைக் கட்டிக்கொண்டிருக்கும்போது தகரத்துக்குள் மறுபடி முனகல் கேட்டது. இந்தத் தடவை அலாரம் இல்லை. பாண்டிராஜ். போனை வெளியே எடுத்துக் காதில் வைப்பதற்குள் மூன்று தடவை அடித்து ஓய்ந்து மறுபடி அடித்தது. மகளைப் பற்றியோ தெருவைப் பற்றியோ அவன் ஒன்றும் கேட்கவில்லை.

"அங்கன தலகாணி இருக்குமா, கேட்டியா?" என்றான்.

கேட்கவில்லை. அதனால்தான் இராமலட்சுமி உள்ளே போய், பரண்மேல் இருந்த இலவம்பஞ்சுத் தலையணையை எடுத்துத் தட்டி, புது உறை போட்டு, மகள் கையில் கொடுத்தாள். வேண்டாம்மா, சிரிப்பார்கள் என்றாள் வேல்விழி. சிரிக்கட்டும் என்று கக்கத்தில் சொருகிவிட்டாள்.

வாசலைத் தாண்டும்போது குழாயடியில் குடத்தை இடுப்பில் வைத்தபடி ஆவுடைத்தாய் நின்றாள். "எங்கட்டி, தலகாணியும் கையுமாக் கெளம்பிட்ட?" என்றாள். குழாயடியே திரும்பிப் பார்த்தது.

வேல்விழி நின்று, நேராகப் பார்த்து, "தூங்கப் போறேன் பெரியம்ம" என்றாள்.

சொல்லிவிட்டு நடந்தாள். வேகமாகக்கூட நடக்கவில்லை.